நம் பையைத் திறந்து பார்ப்பவர் யார்?

அத்தைக்கு 63 வயது. ஊர் திருவாரூர் பக்கம். மும்பையில் இருக்கும் மகன் வீட்டுக்கு, மருமகளின் பிரசவத்துக்காகக் கிளம்பினார். அவருக்கு அதுதான் முதல் விமானப் பயணம், துணைக்கு நான் போனேன். வடகம், பிரசவ லேகியம், நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் பெரிய பெட்டியில் போய்விட்டன. கைப்பையில் எவர்சில்வர் வெற்றிலைப் பெட்டி மட்டும் இருந்தது.

பை ஸ்கேன் மெஷினுக்குள் போனது. பெல்ட் நின்றது. கொஞ்சம் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து, மறுபடி நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எதிரில் நின்றவருக்குச் சைகை காட்டினார். அவர் பையைத் தனியே எடுத்து வைத்து இந்தியில் ஏதோ கேட்டார். அத்தை என் முகத்தைப் பார்த்தார். "எங்க பைதான்" என்று நான் சொல்வதற்குள் வெற்றிலைப் பெட்டி திறந்தாகிவிட்டது. ஈரத்துணியில் சுற்றிய கொழுந்து வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பா, அதற்குக் கீழே பாக்குவெட்டி. கிளிமூக்கு வைத்த பழைய இரும்புப் பாக்குவெட்டி, அத்தையின் அம்மா வைத்திருந்தது. காவலர் அதன் வாயை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டார். ஏற்கெனவே உள்ளே கிடந்த கத்தரிக்கோல், லைட்டர்களின் மேல் 'டக்'கென்று விழுந்தது. அவ்வளவுதான். அடுத்த பையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

விமானத்தில் உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் அத்தை பேசினார். "அந்தப் பிள்ளைய தப்பு சொல்லல. ஆனா ஏன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அத்தை கேட்ட அந்த 'ஏன்' பல நாள் என் மனத்தில் கிடந்தது. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கும்பகோணம் பக்கமெல்லாம் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று ஆள் போகாத தெரு குறைவு. வேன் பிடித்துத் திருச்சிக்கு வந்து, வாசலில் நின்று அழுது வழியனுப்பும் குடும்பங்களை எந்த நாளும் பார்க்கலாம். 2024 ஜூன் முதல் அங்கே புதிய, பெரிய முனையமும் இயங்குகிறது. ஆனால் உள்ளே நம் பையைத் திறப்பவர் யார், அவரை எப்படி வேலைக்கு எடுத்தார்கள், ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்பதை யாரும் நமக்குச் சொன்னதில்லை. தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில், யார் யார் என்று பிரித்துக்கொள்வோம். சீருடை போட்ட எல்லாரையும் நாம் 'போலீஸ்' என்றே சொல்லிவிடுகிறோம். திருச்சி போன்ற நிலையங்களில் வாசலில் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்ப்பவர், உடம்பைத் தடவிச் சோதிப்பவர், கைப்பையைத் திரையில் பார்ப்பவர் ஆகியோர் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர், அதாவது சி.ஐ.எஸ்.எஃப். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துபவர் குடியேற்றப் பிரிவு. திரும்பி வரும்போது தங்கம் இருக்கிறதா என்று பார்ப்பவர் சுங்கத் துறை. நாம் செக்-இன்னில் கொடுக்கும் பெரிய பெட்டியைத் திரையில் பார்ப்பவர் பெரும்பாலும் இவர்கள் யாரும் இல்லை. விமான நிலைய ஆணையத்தின் துணை நிறுவனத்திலோ விமான நிறுவனத்திலோ வேலை பார்ப்பவர் அவர். இவர்களில் பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கு விதி எழுதுவது டெல்லியில் இருக்கும் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம்.

இதைத் தெரிந்துகொண்டால் பாதி மனத்தாங்கல் குறையும். பாக்குவெட்டி கூடாது என்று முடிவு செய்தது அந்தக் காவலர் இல்லை. "பரவாயில்லம்மா, எடுத்துட்டுப் போங்க" என்று விடுவதற்கு அவருக்கு அதிகாரமும் கிடையாது. விட்டால் அவர் வேலைக்கு ஆபத்து.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததும் இல்லை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு கெட்ட நாள் இருக்கிறது. 1976 செப்டம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கடத்தப்பட்டது. அதன் பிறகு ஒரு குழு போட்டு ஆராய்ந்து, 1978-ல் மேலே சொன்ன பணியகத்தைத் தொடங்கினார்கள். 1984 ஆகஸ்ட் 2 இரவு நம் மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து ஏறத்தாழ 30 பேர் இறந்தார்கள். கொழும்பு விமானத்தில் ஏற்றுவதற்காகக் கொண்டுவந்த பெட்டிகளில் குண்டு இருந்தது. மறு ஆண்டு ஜூனில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடல்மேல் வெடித்துச் சிதறி 329 பேர் போனார்கள். அதில் பெட்டி ஏறியது, பெட்டிக்கு உரியவர் ஏறவில்லை. பயணி விமானத்தில் ஏறாவிட்டால் அவர் பெட்டியையும் தேடி இறக்கிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள் அல்லவா? வண்டி தாமதமாகிறதே என்று நாம் முணுமுணுக்கும் அந்த அரை மணி நேரம் இப்படிப்பட்ட சாவுகளிலிருந்து வந்தது. 1987-ல் பணியகம் தனித் துறையானது.

அப்போதெல்லாம் விமான நிலையக் காவல் அந்தந்த மாநிலப் போலீசிடம் இருந்தது. 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்த விமானத்தைக் கந்தஹாருக்குக் கடத்திக்கொண்டு போனார்கள். அதோடு ஏற்பாடு மாறியது. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக சி.ஐ.எஸ்.எஃப் கைக்குப் போயின.

சரி, அந்தப் படைக்கு ஆள் எடுப்பது எப்படி?

ஓடம்போக்கி ஆற்றங்கரைப் பக்கம் விடியற்காலையில் போனால் நீங்களே பார்க்கலாம். அத்தை வீட்டுக்கு எதிர்வீட்டுப் பையன் உட்பட ஏழெட்டுப் பேர் வெறுங்காலோடு ஓடுவார்கள். மத்திய பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி) நடத்தும் ஜி.டி, அதாவது பொதுப் பணி, கான்ஸ்டபிள் தேர்வுக்கான ஓட்டம் அது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வயது 18 முதல் 23. உயரம் ஆணுக்கு 170 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 157. ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடத்துக்குள். கணினியில் ஒரு மணி நேரத் தேர்வு. அப்புறம் மருத்துவச் சோதனை, அதில் பார்வைக் கூர்மையும் நிறம் பிரித்தறியும் திறனும் பார்ப்பார்கள். வயதிலும் உயரத்திலும் சில பிரிவினருக்குச் சலுகை உண்டு.

முன்பு இந்தத் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். 2024 தொடக்கத்தில் நடந்த தேர்விலிருந்து தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் எழுதலாம். இது நம் பிள்ளைகளுக்குப் பெரிய கதவு. கணக்கும் பொது அறிவும் தெரிந்தும் கேள்வியின் மொழி புரியாமல் கோட்டைவிட்ட பையன்களை நான் அறிவேன்.

தேறியவர்கள் பயிற்சிக்குப் போகும் இடங்களில் ஒன்று அரக்கோணத்துக்குப் பக்கத்தில் உள்ள தக்கோலம். 949-ல் அதே தக்கோலத்துப் போரில் யானை மேலிருந்தபடி உயிர்விட்ட சோழ இளவரசர் ராஜாதித்யரின் பெயரை 2025-ல் அந்தப் பயிற்சி மையத்துக்கு வைத்தார்கள். தஞ்சாவூர்க்காரனுக்கு இதைச் சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை.

படையில் சேர்ந்த எல்லாரும் விமான நிலையத்துக்கு வருவதில்லை. நெய்வேலிச் சுரங்கம், டெல்லி மெட்ரோ, துறைமுகம், தாஜ்மகால் என்று எங்கேயும் போடுவார்கள். விமான நிலையத்துக்கு அனுப்பப்படுபவர்களுக்கு அதற்கென்று தனிப் பயிற்சி உண்டு. திரைக்கு முன்னால் உட்கார அதற்கு மேலும் ஒரு பயிற்சி, ஒரு சான்றிதழ்த் தேர்வு. பெரிய பெட்டிகளைப் பார்க்கும் துணை நிறுவனத்தின் வழி வேறு. அங்கே ஸ்கிரீனர் வேலைக்குப் பட்டப்படிப்பு கேட்கிறார்கள், பொதுப் பிரிவினருக்கு 60 சதவீத மதிப்பெண்ணோடு. உள்ளூர் மொழிப் பழக்கத்தையும் அறிவிப்பில் குறிப்பிடுகிறார்கள். ஒரே விமானத்துக்குள் போகும் இரண்டு பைகள். ஒன்றைப் பார்ப்பவர் ஓடிக் காட்டி உள்ளே வந்தவர், மற்றதைப் பார்ப்பவர் பட்டம் காட்டி வந்தவர்.

இப்போது அந்த வேலை என்ன கேட்கிறது என்று பாருங்கள். என் மனக்குறை இங்கேதான் இருக்கிறது.

திரையில் நம் பை படமாக வருவதில்லை, நிறங்களாக வருகிறது. எக்ஸ்ரே எதன் வழியாக எவ்வளவு புகுந்து வருகிறது என்பதை வைத்து மெஷின் நிறம் கொடுக்கும். துணி, தின்பண்டம், காகிதம், சோப்பு போன்றவை ஆரஞ்சு. இரும்பு, பித்தளை நீலம். இரண்டுக்கும் நடுப்பட்டவை பச்சை. எக்ஸ்ரே புக முடியாத அளவு கனமான பொருள் கறுப்பு. அத்தையின் பெட்டியை நினைத்துப் பாருங்கள். ஆரஞ்சாக வெற்றிலைக் கட்டு, சுற்றிலும் நீலமாக எவர்சில்வர், நடுவில் இன்னும் அடர்ந்த நீலத்தில் இரண்டு கைப்பிடியும் ஒரு வாயுமாக ஏதோ ஒன்று. பாக்குவெட்டியைப் பார்த்தே இராத ஒரு வடநாட்டுப் பிள்ளைக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும்? பெல்ட்டை முன்னும் பின்னும் ஓட்டியதற்குக் காரணம் அதுதான். வேறு கோணத்தில் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறார்.

இந்த முடிவை அவர் சில நொடிகளில் எடுக்க வேண்டும். பின்னால் முந்நூறு பைகள் நிற்கும். அந்த முந்நூறில் ஒன்றில்கூட ஆபத்தான பொருள் இருக்காது. அடுத்த முந்நூறிலும் இருக்காது. இதுதான் பெரிய சிக்கல். நாற்றோடு நாற்றாக நிற்கும் குதிரைவாலிப் புல்லை நம் ஊர் அம்மாக்கள் பார்த்த மாத்திரத்தில் பிடுங்கிவிடுவார்கள். வயலில் களை நிறைய இருப்பதால் கண் அதற்குப் பழகியிருக்கிறது. பத்து ஏக்கருக்கு ஒரே ஒரு களைதான் என்றால் அந்தக் கண்ணே தாண்டிப் போய்விடும். 2005-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. தேடும் பொருள் இரண்டு படத்துக்கு ஒன்றில் இருந்தபோது, பார்ப்பவர்கள் 7 சதவீதம் தவறவிட்டார்கள். நூறு படத்துக்கு ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம் தவறவிட்டார்கள். ஆள்கள் சோம்பேறிகள் ஆகிவிடவில்லை. அரிதாக வருவதைக் கண் விட்டுவிடுகிறது, மனிதக் கண்ணின் இயல்பு அது.

இதைச் சமாளிக்க மெஷினே அவ்வப்போது பொய்ப் படம் போடும். உங்கள் பையில் இல்லாத துப்பாக்கியைத் திரையில் காட்டும். அவர் பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தாவிட்டால் கணக்கில் ஏறும். திரைக்கு முன்னால் ஒருவரையே தொடர்ந்து உட்கார வைக்காமல் ஆள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஐரோப்பிய விதிப்படி பொதுவாக ஒரே மூச்சில் 20 நிமிடத்துக்கு மேல் படம் பார்க்கக் கூடாது.

ஆக இந்த வேலைக்கு வேண்டியவை மூன்று: சலிக்காத கண், அவசரத்திலும் நிதானம், அறிமுகமில்லாதவரிடம் அவர் பாஷையில் பேசும் வாய். நாம் வேலைக்கான நுழைவாயிலில் அளப்பது உயரத்தையும் ஓட்டத்தையும். ஆயுதத்தோடு ஒருவன் வந்தால் எதிர்கொள்ளும் படைவீரருக்கு ஓட்டமும் உடம்பும் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நாள் முழுக்க நடப்பது கண்ணும் வாயும் செய்கிற வேலை. அதற்கான திறனை ஆள் எடுக்கும்போதே பார்ப்பதில்லை, பிறகு பயிற்சியில் கொடுத்துவிடலாம் என்று விட்டுவிடுகிறோம்.

அமெரிக்கா இதில் இரண்டு தடவை பாடம் படித்தது. 2001-க்கு முன் அங்கே விமான நிறுவனங்கள் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுக்கும் தனியார் கம்பெனிகளிடம் சோதனையை விட்டிருந்தன. சம்பளம் சொற்பம். 1998 மே முதல் 1999 ஏப்ரல் வரை 19 பெரிய விமான நிலையங்களில் ஆள் மாறும் வீதம் சராசரி 126 சதவீதம் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு சொன்னது. நூறு பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஓராண்டில் 126 பேர் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள் என்று பொருள். களை பழகுவதற்குள் ஆள் போய்விடுகிறார். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2001 நவம்பரில் சட்டம் போட்டு அரசே சோதனையை எடுத்துக்கொண்டது. தகுதியையும் சட்டத்திலேயே எழுதினார்கள். பள்ளிப் படிப்பு அல்லது அதற்கு ஈடான அனுபவம், நிறம் பிரித்தறியும் கண், கேட்கும் திறன். கூடவே, சோதனைக்கு வருபவர் ஆங்கிலத்தில் கேட்டால் புரிந்துகொண்டு பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்றும் எழுதினார்கள். பயணியின் கேள்விக்குப் பதில் சொல்வதை வேலையின் தகுதியாகச் சட்டத்தில் எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது.

தகுதியை எழுதியதோடு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. 2015-ல் பயணி வேடத்தில் ஆளை அனுப்பி ரகசியமாகச் சோதித்தபோது 70 முயற்சிகளில் 67-ல் தடைப் பொருள் உள்ளே போய்விட்டது. அங்கே சோதனைப் பணியாளர்களுக்கு மற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு நிகரான சம்பளம் கிடைத்ததே 2023-ல்தான். ஆளைப் பார்த்து எடுப்பது முதல் படி. அவரை வேலையில் நிலைக்க வைப்பதும், கண்ணைப் பழக்கிக்கொண்டே இருப்பதும் அதே அளவு வேண்டும்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், இந்தி தெரியாது என்று சொன்னதற்கு "நீங்கள் இந்தியரா?" என்று காவலர் ஒருவர் தன்னைக் கேட்டதாகக் கனிமொழி எம்.பி. சொன்னார். எந்த மொழியையும் வலியுறுத்துவது எங்கள் கொள்கை இல்லை என்று சொல்லி, சி.ஐ.எஸ்.எஃப் விசாரணைக்கு உத்தரவிட்டது. ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் அது செய்தியானது. அத்தை போன்றவர்கள் பதில் சொல்லத் தெரியாமல் கையைப் பிசைந்து நிற்பது எந்தச் செய்தியிலும் வராது. படையினர் நாடு முழுக்க மாறி மாறிப் போகிறவர்கள், எல்லாருக்கும் எல்லா மொழியும் வராதுதான். ஆனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும், ஒவ்வொரு வரிசையிலும் அந்த ஊர் மொழி பேசும் ஒருவராவது இருக்க வேண்டும் என்று பணி ஒதுக்கீட்டிலேயே எழுதலாம். திருச்சியிலிருந்து போகிறவர்களில் முதல் தடவை விமானம் ஏறுபவர்களும், கூலி வேலைக்குக் கடல் கடப்பவர்களும், பேரப்பிள்ளை பார்க்கப் போகும் ஆச்சிகளும் எத்தனையோ பேர். அங்கே தமிழ் பேசும் காவலர் சலுகையாகத் தரப்படுபவர் இல்லை, அந்த மெஷினைப் போலவே தேவையானவர்.

பெண் காவலர் எண்ணிக்கையும் அப்படித்தான். பெண்களைத் திரைத் தடுப்புக்குள் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும். அவர்கள் குறைவாக இருக்கும் நேரத்தில் பெண்கள் வரிசை மட்டும் அனுமார் வாலாக நீள்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. காரணம் தெரிந்தால் விதி நினைவில் நிற்கும். வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது. சர்பத் பாட்டில் போன்றவற்றில் திரவ வெடிபொருளை நிரப்பி விமானங்களைத் தகர்க்க லண்டனில் போட்ட திட்டம் 2006 ஆகஸ்டில் பிடிபட்டதிலிருந்து வந்த விதி அது. அவர்கள் பார்ப்பது பாட்டிலின் கொள்ளளவை. 200 மில்லி பாட்டிலில் பாதி தைலம் இருந்தாலும் போகாது. நெய், ஊறுகாய், லேகியம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும், பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள். குழந்தைக்கான பாலுக்கும் அவசிய மருந்துக்கும் விலக்கு உண்டு.

பேராவூரணி, பட்டுக்கோட்டைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: கொப்பரை வேண்டவே வேண்டாம். எண்ணெய் நிறைந்த காய்ந்த தேங்காய் அடைபட்ட இடத்தில் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. பவர் பேங்க் இதற்கு நேர்மாறு, கைப்பையில்தான் வைக்க வேண்டும். புகைந்தால் ஆள்கள் பார்த்து அணைக்கலாம், சரக்கு அறையில் புகைந்தால் யாருக்குத் தெரியும்? 20,000 எம்.ஏ.எச் என்றால் சுமார் 74 வாட்-மணி. 100 வரை தனி அனுமதி தேவையில்லை.

பொருளை எடுத்தால் "இதைச் செக்-இன்னில் போட முடியுமா, வழியனுப்ப வந்தவரிடம் கொடுக்க முடியுமா?" என்று அங்கேயே கேளுங்கள். நேரம் இருந்தால் சில சமயம் வழி பிறக்கும். நான் அன்று அதைக் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. மரியாதைக் குறைவாக நடந்தால் அந்த ஷிஃப்டின் பொறுப்பு அதிகாரியைக் கேட்கலாம், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா செயலியில் எழுதலாம்.

அத்தை கும்பகோணத்தில் வேறு பாக்குவெட்டி வாங்கிவிட்டார். மும்பைக்கு அடுத்த தடவை அது பெரிய பெட்டியில் போனது. எதிர்வீட்டுப் பையன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான். தமிழில் வந்த பழைய கேள்வித்தாள்கள் வேண்டும் என்று கேட்டான், எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஐந்து கிலோமீட்டருக்கு இப்போது 25 நிமிடம் ஆகிறது. இன்னும் ஒரு நிமிடம் குறைக்க வேண்டும்.